இருவாச்சியின் பன்னிரண்டு விதைகள்

ஆனைமலைச் சோலையில் ஒரு கருங்குங்கிலிய மரம். அதன் நடுமரத்தில் ஒரு பொந்து. பொந்துக்குள் கொவ்வை என்ற பெண் இருவாச்சிப் பறவை உட்கார்ந்து, வாசலைச் சேறு பூசி அடைத்துக்கொண்டிருந்தாள். சேறு சுமந்து வந்து கொடுக்க வேண்டிய அவள் கணவன் பேரொலியன், வெளியே கிளையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேறு!" என்றாள் கொவ்வை.

"ம்?"

"சேறுங்க, சேறு! இங்க பூசினது காய்ஞ்சு போகுது. அங்க என்ன பராக்கு?"

"ஒண்ணுமில்லை. ஒரு யோசனை."

கொவ்வை பூசுவதை நிறுத்தினாள். பதினோரு வருஷக் குடித்தனத்தில் பேரொலியன் யோசித்த ஒவ்வொரு தடவையும் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று போயிருக்கிறது.

இருவாச்சிகளின் வழக்கம் இது. முட்டையிடும் காலத்தில் பெண் பொந்துக்குள் போய்விடுவாள். வாசலை அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடுவாள். பாம்பும் மரநாயும் உள்ளே வர முடியாது. அவளாலும் வெளியே போக முடியாது. உள்ளே போன கையோடு இறக்கைச் சிறகுகளும் உதிர்ந்துவிடும். புதிது முளைக்க மூன்று மாதம் ஆகும். அதுவரை கணவன் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டுவதுதான் சாப்பாடு. அவனுக்குப் புத்தி நேராக இருந்தால் குடும்பம் பிழைக்கும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாராக இருந்தாலும், அவர் பேரொலியனைப் பார்த்திருக்கவே மாட்டார்!

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. குஞ்சு வளர்ந்து எந்நேரமும் வாயைத் திறந்துகொண்டிருக்கும் நாட்களில்தான் அத்திப்பழம் தீர்ந்துபோகும். மழையும் பிடித்துக்கொள்ளும். முன்கூட்டியே பழத்தைச் சேர்த்து வைக்கலாமென்றால், நாலு நாளில் அழுகி நாறும்.

அதற்காகத்தான் அந்தக் காட்டில் கூவல் வந்தது.

கூவலைக் கண்ணால் பார்க்க முடியாது. அலகால் கொத்த முடியாது. உன் மரத்தில் பழம் மண்டிக் கிடக்கும்போது பசித்த ஒருவனுக்கு ஒரு பழம் கொடுத்தால், "இன்ன பூட்டில் ஒரு கூவல் ஏறியது!" என்று மறுநாள் விடியலில் காட்டிலுள்ள மலை மைனாக்கள் அத்தனையும் கத்தும். பிறகு உனக்குப் பழமில்லாத நாளில், பழம் இருக்கிறவனிடம் அந்தக் கூவலைக் கொடுத்துப் பழம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு மைனா மாற்றிச் சொன்னால், மற்ற நூறு மைனாக்களும் சேர்ந்து அதைத் திட்டித் திருத்திவிடும். அதனால் பொய்க் கணக்குக்கு இடமில்லை. ஒரு கூவலுக்கு ஒரு பழம் என்பது வழக்கம், அவ்வளவுதான். சட்டமொன்றும் கிடையாது. காடு நம்புகிறவரை அந்த விலை.

வெளியே கத்துவதற்கு ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு பெயர் உண்டு; அது யாருடையது என்பது பெரும்பாலும் காட்டுக்குத் தெரியும், திறக்கும் ஒலிகள்தான் தெரியாது. பூட்டு என்பது பன்னிரண்டு ஒலிகள். மரங்கொத்தி தட்டுவது, தவளை கத்துவது, மந்தி இருமுவது, இப்படி எதுவேண்டுமானாலும். அந்தப் பன்னிரண்டையும் வரிசை மாறாமல் ஒரு மைனாவின் காதில் சொல்கிறவர் யாரோ, அவருக்குத்தான் அந்தக் கூவல். மைனா முகம் பார்க்காது. பெயர் கேட்காது. கேட்ட ஒலியை வெளியே சொல்லாது. வரிசை சரியா, எடுத்துக்கொள். தப்பா, போ. அழுதாலும் புரண்டாலும் மைனாவிடம் வேறு பேச்சு கிடையாது.

போன பழக்காலத்தில் கொவ்வை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அறுபது கூவல் சேர்த்திருந்தாள். எல்லாம் இந்தக் குஞ்சுக்காக.

"என்ன யோசனைன்னு கேட்டேன்," என்றாள்.

"கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"நம்மகிட்ட அறுபது கூவல் சும்மாக் கிடக்கு."

"சும்மாக் கிடக்கலை. குஞ்சுக்காக இருக்கு."

"அதைத்தான் சொல்றேன், சும்மாக் கிடக்கு. அதுல முப்பதைக் கரிச்சான்கிட்டக் கொடுத்திருக்கேன். ரெண்டு பௌர்ணமிக்குள்ள அறுபதாத் திருப்பித் தரான்!"

கொவ்வையின் அலகிலிருந்து சேறு பொத்தென்று விழுந்தது.

"கொடுக்கப் போறேன்னு சொன்னீங்களா, கொடுத்துட்டேன்னு சொன்னீங்களா?"

"கொடுத்துட்டேன்."

பறந்து போய் நாலு கொத்துக் கொத்தலாமென்றால், பாதிச் சிறகு உதிர்ந்தாயிற்று. வாசலும் முக்கால்வாசி அடைத்தாயிற்று. இதற்காகவே காத்திருந்து சொல்லியிருக்கிறான் மகராசன்!

கரிச்சானை அவளுக்கு நன்றாகத் தெரியும். கன்னங்கரேலென்று இருப்பான். வாலிலிருந்து இரண்டு நீளமான கம்பிகள் தொங்கும், முனைக்கு ஒரு துடுப்பு. பறந்து போனால் இரண்டு வண்டுகள் அவனைத் துரத்திக்கொண்டு போவதுபோல இருக்கும். எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அச்சு அசலாகத் திருப்பிச் சொல்வான். பருந்துபோலக் கத்தி எல்லோரையும் ஓடவிட்டு, அவர்கள் போட்டுவிட்டு ஓடிய புழுவைத் தின்பதுதான் அவன் செய்துவந்த தொழில்.

"அந்தப் பருந்துக்குரல்காரன்கிட்டயா?"

"அது அந்தக் காலம்! இப்ப ஆளே மாறிட்டான். 'கூவல் கூடு'ன்னு ஆரம்பிச்சிருக்கான். எல்லார் கூவலையும் ஒண்ணாச் சேர்த்துப் பெருக்கறான். மந்திக் கூட்டம் முழுக்கப் போட்டிருக்கு, தெரியுமா?"

"ஒரு மந்தி கிளையை விட்டுக் குதிச்சா மத்த முப்பதும் எதுக்குன்னு கேக்காமக் குதிக்கும். அதைப் பார்த்து நீங்களும் குதிச்சீங்களாக்கும்! சரி, எப்படிப் பெருக்கறானாம்?"

"அது... பெரிய விஷயம். உனக்குப் புரியாது."

"உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"அவனுக்குப் புரியுதில்ல? அது போதாதா?"

கொவ்வை கண்ணை மூடித் திறந்தாள். "இப்ப அந்த முப்பது எந்தப் பூட்டுல இருக்கு?"

"அவன் பூட்டுல."

"அதை எடுக்கணும்னா?"

"அவன்கிட்டச் சொல்லணும்."

"அவன் மாட்டேன்னு சொன்னா?"

"ஏன் மாட்டேங்கறான்? 'அண்ணே அண்ணே'ன்னு எவ்வளவு மரியாதையாப் பேசறான்!"

"அப்ப அது யாரோட கூவல்?"

"நம்மோடது. அவன்கிட்ட இருக்கு."

"ஒரு மைனாவைக் கூப்பிட்டு அது யாரோடதுன்னு கேளுங்க. அது என்ன சொல்லுதோ அதுதான் நிஜம்."

பேரொலியன் கேட்கவில்லை. சேறு எடுக்கப் போய்விட்டான். அதுவரை வராத சுறுசுறுப்பு!

மறுநாள் விடியலில் கொவ்வை திடுக்கிட்டு விழித்தாள். மரத்தின் உச்சியில் உட்கார்ந்து பேரொலியன் கத்திக்கொண்டிருந்தான். மரங்கொத்திபோல ஒரு தட்டு. தவளைபோல ஒரு கத்தல். மந்திபோல ஓர் இருமல். கொவ்வை எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு!

"ஐயோ! என்ன பண்றீங்க?"

"மறந்துடக் கூடாதுல்ல? தினமும் காலையில நம்ம பூட்டை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்குவேன். நீ அந்நேரத்துக்கு மேற்குச் சரிவுக்கு இரை தேடப் போயிருப்ப, அதான் கேட்டதில்லை."

"இவ்வளவு சத்தமாவா?"

"இது ஒரு சத்தமா?" என்றான் பேரொலியன், உண்மையிலேயே புரியாமல்.

அவன் மேலும் முழுத் தப்பில்லை. ஆண் இருவாச்சி வாய் திறந்தால் அடுத்த மலைக்குக் கேட்கும். அவர்களுக்கு ரகசியம் பேசத் தொண்டையே கிடையாது. முட்டைமேல் மாதக்கணக்கில் உட்கார்ந்து பழகிய பெண்களுக்குத்தான் மெல்லப் பேச வரும்.

பக்கத்து மரத்து மலையணில் செம்பி வாலை ஆட்டிக்கொண்டு கீறலண்டை வந்தாள்.

"கொவ்வைக்கா, உங்க பூட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு! ஏழாவது, மலைச்சிட்டான் சீட்டியடிக்கிறதுதானே? அண்ணன் அதுல மட்டும் கொஞ்சம் சுருதி விலகறாரு."

கொவ்வைக்கு இருக்கிற சிறகும் உதிர்ந்துவிடும்போல இருந்தது.

"செம்பி, ஓடிப்போய் ஒரு மைனாவைக் கூட்டிட்டு வா. இப்பவே!"

மைனா வந்தது. மிச்சமிருந்த முப்பது கூவலையும் கொவ்வை ஒரு புதுப் பூட்டுக்கு மாற்றினாள். புதுப் பன்னிரண்டையும் மைனாவின் காதோடு காதாகச் சொன்னாள். ஓர் இலைகூட அசையவில்லை.

"எனக்குச் சொல்ல மாட்டியா?" என்று கேட்டான் பேரொலியன்.

"உங்களுக்குச் சொன்னா மூணு பள்ளத்தாக்குக்கும் சொன்ன மாதிரி. மாட்டேன்."

ஆனால், மறதி என்பது எல்லோருக்கும் பொது. அதனால், தின்று துப்பிய கொட்டைகளிலிருந்து பன்னிரண்டை எடுத்து, பொந்தின் உட்சுவரில் ஈரச் சேற்றில் வரிசையாகப் பதித்தாள். நாவல், காட்டுச் சாதிக்காய், செண்பகம், கடுக்காய் என்று ஒவ்வொன்றும் ஓர் ஒலிக்கு அடையாளம். எந்த மரத்துக் கொட்டையோ, அந்தப் பழத்துக்கு முதலில் வருகிறவர் குரல். நாவலென்றால் வௌவால். மற்றவர் பார்த்தால் வெறும் கொட்டை.

"ஏன் அக்கா, இந்த மரமே விழுந்துட்டா?" என்றாள் செம்பி.

"வாயைக் கழுவுடி!" என்றாள் கொவ்வை. ஆனால் கேள்வி நியாயமானது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதேபோல இன்னொரு பன்னிரண்டு கொட்டையைச் செம்பியிடம் கொடுத்தாள். "உன் கூட்டுல இதே வரிசையில செருகி வை. என்ன ஏதுன்னு கேக்காதே."

பிறகு பேரொலியனைக் கீறலண்டை வரச்சொல்லி, கொட்டையைப் படிக்கும் முறையை மட்டும் சொன்னாள். "கொட்டை அவகிட்ட. படிக்கிற முறை உங்ககிட்ட. எனக்கு ஏதாவது ஆனாத்தான் நீங்க ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசணும். அதுவரைக்கும் கப்சிப்!"

"என்மேல நம்பிக்கையே இல்லையா உனக்கு?"

"உங்க மேல இருக்கு. உங்க தொண்டை மேல இல்லை."

ஐந்து நாள் கழித்து விடியலில் மைனாக்கள் வழக்கமான கணக்கோடு ஒரு வரி சேர்த்துக் கத்தின: "காலிப் பூட்டைத் திறந்து பார்த்தார் ஒருவர்! உள்ளே ஒன்றுமில்லை!"

அது அவர்களுடைய பழைய பூட்டு. யாரோ பன்னிரண்டையும் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏழாவதில் சுருதிகூட விலகியிருந்ததாம், இருட்டில் குரலை மட்டும் கேட்ட செம்பி சொன்னாள்.

கொவ்வை பேரொலியனை ஒரு பார்வை பார்த்தாள். கீறல் வழியாக ஒரு கண்தான் தெரிந்தது. அதுவே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

முட்டை பொரிந்தது. தோலும் வாயுமாக ஒரு குஞ்சு. ஆனால் அதற்குள் பேரொலியன் மறுபடி நிமிர்ந்துவிட்டான். ஒருநாள் ஆறு பழத்தை ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டினான்.

"பார்த்தியா! லாபம்! கரிச்சான் கொடுத்தது! இப்ப என்ன சொல்ற?"

கொவ்வை பழத்தை வாங்கிக் குஞ்சுக்கு ஊட்டினாள். பழத்தின்மேல் அவளுக்கு என்ன கோபம்? ஆனால் பொந்துக்குள் அடைந்து கிடக்கிறவளுக்குக் காதைத் தீட்டிக் கேட்பதைத் தவிர என்ன வேலை? விடியலில் மைனாக்கள் கத்தும் கணக்கை மற்றவர்கள் தூக்கத்தில் விட்டுவிடுவார்கள். அவள் ஒன்று விடாமல் கேட்பாள்.

"நேத்து மரநாய் எட்டு கூவல் போட்டுது. அன்னைக்கே உங்களுக்கு ஆறு போச்சு. முந்தாநாள் முள்ளம்பன்றி பத்து போட்டுது. அன்னைக்கே மந்திக்கு ஏழு போச்சு. இதைத் தவிர அவன் பூட்டுல ஒரு கூவல்கூட எங்கிருந்தும் வரலை. எதைப் பெருக்கறான்? புதுசா வர்றவன் கொடுக்கிறதைப் பழையவனுக்குப் பிய்ச்சுக் கொடுக்கறான்!"

"நீ உள்ளேயே இருக்க. வெளி உலகம் தெரியாமப் பேசற."

"சரி, வெளி உலகம் தெரிஞ்சவரே! ஒரு காரியம் பண்ணுங்க. லாபம் வேண்டாம். போட்டதுல பத்தே பத்தைத் திருப்பிக் கேளுங்க. கொடுத்தான்னா நான் வாயே திறக்கலை."

பேரொலியன் போனான். போன வேகத்தில் திரும்பினான்.

"தரேன்னுதான் சொல்றான். ஆனா..."

"ஆனா?"

"முதல்ல மூணு கூவல் கட்டணமாம். கட்டினாத்தான் கூடு திறக்குமாம்."

"நம்ம கூவலைத் திருப்பி வாங்க நாமே கூவல் கொடுக்கணுமா!"

"அதோட, அறுபதுக்குக் கீழே போட்டவங்க நடுவுல எடுக்கக் கூடாதாம். அது விதியாம். நம்ம மிச்ச முப்பதையும் போட்டுட்டா, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாமாம். இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் இந்தச் சலுகைன்னான். கொவ்வை, யோசிச்சுப் பாரேன்..."

"யோசிக்கிறது உங்க வேலை. அதோட பலனைத்தான் நான் இங்க உட்கார்ந்து தின்னுக்கிட்டு இருக்கேன்! முப்பதும் போச்சுன்னு நினைச்சுக்கோங்க. மிச்சத்துல ஒரு கூவல் அந்தப் பக்கம் போகாது. போய் அத்தி தேடுங்க!"

பேரொலியன் முணுமுணுத்துக்கொண்டே பறந்தான். முணுமுணுப்பு கீழ்ப் பள்ளத்தாக்கு வரை கேட்டது. சிறகுச் சத்தம் அதற்குமேல். அவன் பறந்தால் மேட்டில் ரயில் மூச்சிரைத்துக்கொண்டு ஏறுவதுபோலப் புஸ், புஸ் என்று காடே அதிரும்.

அரை நாழிகைகூட ஆகவில்லை. கீறலுக்குப் பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, குரல் வந்தது.

"கொவ்வை! கொவ்வை! சீக்கிரம்! ஆபத்து!"

பேரொலியன் குரல். அதே தடிப்பு. அதே அவசரம்.

"என்னங்க?"

"மைனாவெல்லாம் வேற காட்டுக்குப் போகுதாம்! இப்பவே பூட்டைச் சொல்லி மாத்தலைன்னா முப்பதும் அழிஞ்சுபோயிடுமாம்! பன்னிரண்டையும் சொல்லு, சீக்கிரம்! நேரமில்லை!"

கொவ்வை பதறி எழுந்தாள். வாயைத் திறந்தாள். முதல் ஒலி தொண்டைக்கு வந்தும்விட்டது. சட்டென்று நிறுத்தினாள்.

பேச்சு வந்தது. சிறகுச் சத்தம் எங்கே?

பதினோரு வருஷத்தில் பேரொலியன் சத்தமில்லாமல் வீடு வந்து சேர்ந்ததே கிடையாது. அவன் வருவதற்கு முன்னால் சிறகுச் சத்தம் வரும். அப்புறம் கிளை முறியும். அப்புறம்தான் அவன் வருவான்.

"குஞ்சு தூங்குதுங்க," என்றாள் கொவ்வை, தேன் ஒழுகும் குரலில். "மெல்லத்தான் சொல்ல முடியும். கிட்ட வந்து காதைக் கீறல்ல வையுங்க."

ஒரு கருந்தலை கீறலை நோக்கி நகர்ந்து வந்தது. கொவ்வை கழுத்தை இழுத்து, அலகைப் பாய்ச்சினாள். தலை தப்பியது. திரும்பி ஓடியவனின் வால்கம்பி ஒன்று அவள் அலகில் வசமாக மாட்டியது.

"விடு! விடு!" என்று பேரொலியன் குரலில் அலறினான் கரிச்சான். அவள் விடவில்லை. மந்தி குரலில் அலறினான். மரநாய் குரலில் கெஞ்சினான். பருந்தாகக் கத்தினான். கடைசியில் வேறு வழியில்லாமல் சொந்தக் குரலில் அழுதான். அது கீச்சென்று, கேட்கவே பரிதாபமாக இருந்தது. அதனால்தான் அவன் அதை யாருக்கும் காட்டுவதில்லைபோலும்.

செம்பி கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஐயையோ, அக்கா! கூவல் கூட்டுக்காரர் உங்க வீட்டு வாசல்ல தொங்கறாரு!"

படக்கென்று கம்பி அறுந்தது. துடுப்பு கொவ்வையின் அலகோடு நின்றது. ஒற்றைத் துடுப்போடு கரிச்சான் கோணல்மாணலாகப் பறந்து மறைந்தான்.

உச்சிவெயில் நேரத்தில், வழக்கத்துக்கு மாறாக மைனாக்கள் கத்தின. "கரிச்சான் பூட்டு காலி! முந்நூற்றுப் பத்து கூவல், யாரும் அறியாத பூட்டுக்கு!"

விஷயம் காடெங்கும் பரவியது. அப்புறம் எழுந்த ஓலத்தில் மழைமேகமே கலைந்திருக்கும்.

மந்திகள் மைனாக்களைச் சூழ்ந்துகொண்டன. "எங்களோடதைத் திருப்பிக் கொடு!"

"பன்னிரண்டும் சரியாகச் சொன்னார். மாற்றினோம்," என்றன மைனாக்கள்.

"அவன் திருடன்!"

"நாங்கள் முகம் பார்ப்பதில்லை."

பிறகு மந்திகள் கொவ்வையின் மரத்துக்கு வந்தன. ஆறுதல் சொல்ல என்றா நினைத்தீர்கள்? "எல்லாம் உன்னால்தான்! நீ வாலைப் பிடிச்சதுல பயந்து ஓடிட்டான்! இல்லைன்னா இந்தப் பௌர்ணமிக்குக் கொடுத்திருப்பான்!"

கொவ்வை பதிலுக்கு அந்தத் துடுப்பைக் கீறல் வழியாக வெளியே போட்டாள். "இந்தாங்க. உங்க லாபம். ஆளுக்கு ஒரு மயிராப் பிரிச்சுக்கோங்க!"

பேரொலியன் பொழுது சாயும்போது வந்தான். சிறகுச் சத்தம் முன்னால் வந்தது. அவன் கிளையில் உட்கார்ந்தான். அலகில் ஒரே ஒரு அத்திப்பழம், அதுவும் பாதி அழுகல்.

"அத்தி தீர்ந்துபோச்சு," என்றான். முதல் மழைத்துளி அவன் அலகின் மேலிருந்த கொம்பில் விழுந்தது.

சொல்வதற்குக் கொவ்வை ஒரு மாதமாக என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றுக்கொன்று சளைக்காதவை. வாயைத் திறந்தாள். அதற்குள் குஞ்சு வாயைத் திறந்தது. அந்தக் கத்தலுக்கு முன்னால் மற்றதெல்லாம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"கூவல் என்ன விலை போகுது?" என்று மட்டும் கேட்டாள்.

"நேத்து ஒண்ணுக்கு ஒண்ணு. இப்ப மூணு கூவல் கொடுத்தாத்தான் ஒரு பழம். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. கொவ்வை, நாளைக்கு இன்னும் விழும்! இருக்கிற முப்பதையும் இன்னைக்கே கொடுத்துப் பத்துப் பழமா வாங்கிடலாம்!"

"வாங்கி? நாலு நாள்ல ஆறு அழுகும். அன்னைக்குப் பேராசையில முப்பதைத் தூக்கிக் கொடுத்தீங்க. இன்னைக்குப் பயத்துல முப்பதைத் தூக்கிக் கொடுக்கறேங்கறீங்க. நடுவுல நிக்கவே வராதா உங்களுக்கு? நீங்க மூணு பள்ளத்தாக்கும் பறந்து தேடுங்க. கிடைக்காத அன்னைக்கு மட்டும் கூவல். அதுவும் அன்னைக்குத் தேவையானது மட்டும்."

பேரொலியன் பறந்தான். கொட்டும் மழையில், சொட்டச் சொட்ட, அதுவரை போகாத சரிவுக்கெல்லாம் போனான். ஓணான், வெட்டுக்கிளி, நண்டு என்று அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்தான். ஒன்றும் அகப்படாத நாட்களில் கொவ்வை மைனாவைக் கூப்பிட்டு, சுவரில் இருந்த கொட்டைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பன்னிரண்டையும் காதில் சொன்னாள். இரண்டு நாள் தாய் பட்டினி கிடந்து குஞ்சுக்கு ஊட்டினாள். அந்த இரண்டு நாளும் பேரொலியனும் சாப்பிடவில்லை. அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை, செம்பிதான் சொன்னாள்.

மழை ஓய்ந்தது. சரிவுகளில் பழம் பழுக்கத் தொடங்கியது. கூவலின் விலையும் மெல்ல மேலேறி, ஒன்றுக்கொன்று என்று வந்து நின்றது. கொவ்வையின் பூட்டில் நாலு கூவல் மிச்சம். குஞ்சு ஒல்லிதான். ஆனால் தொண்டை அப்பனுடையது!

ஒருநாள் காலை கொவ்வை சேற்றுச் சுவரைக் கொத்தி உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். புதுச் சிறகுகளை விரித்து உதறினாள். வெயில் பட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளுக்கு யார்மேலும் கோபம் இல்லை.

பேரொலியன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு, பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். குரலைத் தாழ்த்தி, மெதுவாகப் பேசினான்.

"கொவ்வை, யார்கிட்டயும் சொல்லாதே. வடக்குச் சோலையில ஒரு புனுகுப்பூனை வந்திருக்காம். மூணு மடங்கு தருதாம். கரிச்சான் மாதிரி இல்லையாம், ரொம்ப நேர்மையாம். நம்ம நாலு கூவலை..."

 கொவ்வை ஓடைக்குப் பறந்து போனாள். அலகு நிறையச் சேறு கொண்டுவந்து பொந்து வாசலில் வைத்தாள்.

"உள்ளே போங்க," என்றாள்.

"என்னது?"

"பிள்ளைக்கு இன்னும் சிறகு முத்தலை. நீங்க கூட இருந்து பார்த்துக்கோங்க. நான் பூசி அடைக்கிறேன். வெளி உலகத்தை நான் கவனிச்சுக்கறேன்."

"அதெப்படி! ஆம்பளை இருவாச்சி பொந்துக்குள்ள உட்காருறது வழக்கமே இல்லையே!"

"கண்ணுக்குத் தெரியாத கூவலும் வழக்கமில்லைதான். போங்க உள்ளே!"

பேரொலியன் போனான். அவள் அடைத்தாள். கீறலைக் கொஞ்சம் சின்னதாகவே விட்டாள். அவன் குரல் வெளியே கேட்கக் கூடாதில்லையா?

கையில் தொட முடியாத காசாக இருந்தாலும் அதன் பூட்டை ஊர் கேட்கச் சொல்லாமலும் இன்னொருவர் கையில் விடாமலும் தானே வைத்துக்கொள்கிறவருக்குத்தான் அது சொந்தம். இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று வருகிறவரிடம் பிள்ளையின் சாப்பாட்டைக் கொடுக்கிறவருக்கு அழுகை மட்டும்தான் சொந்தம்.